இறைச்சி வருவதற்கு முன் சொன்ன பாதி

மாத்கெரிமின் அப்பா ஜோரோ, பட்டாளத்தில் இருந்த காலம் தவிர, சாரி-கெமர் கிராமத்தை விட்டு எங்கும் போனவரில்லை. செத்த பிறகுதான் அவர் வெளிநாட்டுக்குப் போனார். அதுவும் படுத்த இடத்தை விட்டு அசையாமல். அவரைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு மூத்த மகன் தலையில் விழுந்தது. அந்த மூத்த மகன் ஓஷ் நகரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அதே மாடியில் ரோமானியச் சட்டம் நடத்தினேன். அதாவது செத்துப்போன ஓர் அரசின் சட்டம். அவர் நடத்தியது உயிரோடிருக்கும் அரசுகளின் சட்டம். எதை யார் பின்பற்றுகிறார்கள் என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று நான் சொல்வதுண்டு. அவர் சிரிக்கமாட்டார். அவருடைய வகுப்பு, கட்டடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் எட்டாத கடைசி அறையில் நடந்தது. பிள்ளைகள் தொப்பியும் கையுறையுமாக உட்கார்ந்திருப்பார்கள். சுங்கச் சட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள்தான் பெரும்பாலும் அங்கே வந்தார்கள்; சுங்கம் படித்தால் சீக்கிரம் வீடு கட்டலாம் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு பெண் ஒருமுறை கேட்டாள், பெரிய நாடு ஒன்று தீர்ப்பை மதிக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம் என்று. "குறிச்சு வெச்சுக்குவோம்" என்றார் மாத்கெரிம். வகுப்பே சிரித்தது. அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

அரசுகள் பெரும்பாலான நாட்களில் சட்டத்தை மதிக்கத்தான் செய்கின்றன என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. விமானங்கள் பறக்கின்றன, கடிதங்கள் போய்ச் சேருகின்றன, தூதர்களை யாரும் அடிப்பதில்லை. இதெல்லாம் தானாக நடக்கிறதா என்பார். அவருடைய மனைவி சைரகான் அரசு மருத்துவமனையில் அறுவைப் பிரிவுச் செவிலி. "மத்த நாள்ல மதிக்கறாங்கதான். மதிக்காத நாள்ல என் வார்டு ரொம்பிடுது" என்பாள். இருவர் சொன்னதும் உண்மை. அதனாலேயே அந்த வீட்டில் இந்த வாக்குவாதம் ஓயவில்லை.

அவர் மாஸ்கோவில் படித்தது சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில். அப்போது எங்களுக்கு எல்லை என்றால் இரண்டு கூட்டுப்பண்ணைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் மாதிரி. ஆடுகளுக்குக்கூட அதன் மேல் மரியாதை கிடையாது. தன் ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது தென் அமெரிக்காவில் இரண்டு நாடுகள் ஒரு பனிமலைக்காகப் போட்ட சண்டை. அந்த மலையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. விடுதியில் அதே அறையில் இருந்த ஹைதர் என்ற பையன் ஓர் ஆப்பிரிக்க ஆற்றை எடுத்துக்கொண்டான். ஹைதரின் ஊர் சாரி-கெமரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் வேறு குடியரசு. பிறகு ஒன்றியம் கலைந்தது. வாய்க்கால் சர்வதேச எல்லையாயிற்று. மாத்கெரிமுக்கு அதுவரை வரைபடத்தில் மட்டும் இருந்த பாடம், அப்பாவின் வாதுமைத் தோட்டத்துக்குப் பின்னால் முள்கம்பியோடு வந்து நின்றது.

முள்கம்பி போடாத ஒரே இடம் போஸ்-தோபோ மேடு. ஊருக்குப் பின்னால், கசப்பான காட்டுப்புதரைத் தவிர எதுவும் முளைக்காத ஒரு சாம்பல் நிற மண்மேடு. அதில் உட்கார்ந்தால் நகரத்துச் சாலையும் தெரியும், இரண்டு நாட்டு வயல்களுக்கும் தண்ணீர் பிரியும் மதகும் தெரியும். அதனால் அது யாருக்கும் பயன்படாத, எல்லோருக்கும் வேண்டிய இடமாக இருந்தது. எங்கள் வரைபடத்தில் அது எங்களுக்குச் சொந்தம். அவர்கள் வரைபடத்தில் அவர்களுக்கு. இரண்டு வரைபடத்தையும் அச்சிட்டது ஒரே அச்சகம்.

எல்லாம் ஒரு வருட நினைவு விருந்தில் தொடங்கியது. ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு வருடம் முடிந்து, குதிரை அறுத்து, கூடாரம் போட்டு, சுற்று வட்டாரத்தையே அழைத்திருந்தார்கள். மாத்கெரிமும் போயிருந்தார். கூடாரத்துக்குள் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, போஸ்-தோபோ கடைசியில் யாருக்குப் போகும் என்ற கேள்வி வந்தது. கேட்டவர் அவருடைய சித்தப்பா அப்திஜபார். ஜோரோவின் தம்பி, பழைய பண்ணையில் உழவு இயந்திரப் படைக்குத் தலைவராக இருந்தவர், இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல்.

மாத்கெரிமுக்கு இப்படி ஒரு கூட்டம் வகுப்பில் கிடைத்ததே இல்லை. அவர் பொறுமையாக விளக்கினார். வரைபடங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், உலக நீதிமன்றங்கள் அந்த நிலத்தை உண்மையில் யார் ஆண்டார்கள் என்று பார்க்கும். யார் வரி வாங்கினார்கள், யாருடைய காவலர் போனார்கள், யார் ஆடு மேய்த்தார்கள், யார் தங்கள் இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்தார்கள். கபர் கூடவா கணக்கு என்று சித்தப்பா கேட்டார். ஆமாம், அதுவும் ஒரு சாட்சிதான், அங்கே வாழ்ந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார் மாத்கெரிம். பிறகு, ஆனால் ஒன்று, என்று தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து இறைச்சி வந்துவிட்டது.

எங்கள் வழக்கத்தில் இறைச்சி வந்த பிறகு பேச்சில்லை. கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார்கள். யாருக்கு இடுப்பெலும்பு, யாருக்குத் தொடை, யாருக்கு விலா என்று வயதும் உறவும் பார்த்துப் பங்கு வைப்பார்கள். அந்தப் பங்கில் ஒரு தவறு நேர்ந்தால் அதற்கு எந்த நீதிமன்றத்திலும் தீர்வு கிடையாது. ஆகவே எல்லோர் கண்ணும் தட்டின் மேல் போயிற்று. மீதிப் பாதியையும் சொன்னதாகத்தான் மாத்கெரிம் பின்னால் சாதித்தார். அந்த மீதி இது: தகராறு என்று ஒன்று கிளம்பிய பிறகு செய்யப்படும் எதுவும் கணக்கில் வராது. கிளம்பிய அந்த நாள்தான் வரம்பு. அதற்கு மேல் நட்ட மரமும் கட்டிய வீடும் வெட்டிய கபரும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. சொல்லியிருப்பார். யாரிடம் என்பதுதான் கேள்வி. இறைச்சிக்கு முன் சொன்ன பாதி சாரி-கெமரின் சட்டமாயிற்று. பின் சொன்ன பாதியை எலும்போடு நாய்களுக்குப் போட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கிழவி இறந்தாள். ஆற்றோரத்துப் பழைய மையவாடிக்குப் போகாமல் அவளை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து ஒரு ஓட்டுநர், அடுத்து ஒரு பச்சைக் குழந்தை. மேட்டின் கிழக்குச் சரிவில் புதிய மண் குவியல்கள் வந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தார் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அவர்களும் மேற்குச் சரிவில் புதைக்கத் தொடங்கினார்கள். அங்கே அவர்களுக்கு யார் பாடம் நடத்தினார்கள் என்று தெரியவில்லை. பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வதற்குப் பாடம் தேவையில்லை. கொஞ்ச நாளில் எங்கள் ஆட்கள் ஆற்றோரத்திலிருந்து பாசி படிந்த பழைய நடுகற்களைப் பெயர்த்து மேலே கொண்டுபோய் நட்டார்கள். இரண்டு ஊரிலும் நோயாளிகளின் உடல்நிலையை ஊரே அக்கறையோடு விசாரித்தது.

இதெல்லாம் மாத்கெரிமுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுதாகத் தெரிந்தது அப்பா இறந்தபோது.

மகன் வந்து சேரும்வரை உடலைக் கூடாரத்தில் வைத்திருந்தார்கள். அவர் வாசலில் தடியூன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் சத்தம் போட்டு அழுதார், முறை அது. தொழுகை முடிந்து, உடல் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். நானும் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஆற்றுப் பக்கம் திரும்ப வேண்டிய கூட்டம் மேட்டுப் பக்கம் திரும்பியது. மாத்கெரிம் முன்கம்பைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் நின்றார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டார்கள்.

"சித்தப்பா, இது செல்லாது" என்றார் தணிந்த குரலில்.

"நீதானே சொன்னே."

"நான் சொன்னது பாதி. மீதியை நீங்க..."

"மீதியை அப்புறம் பேசிக்கலாம். வாத்தியாரோட அப்பன் மேட்டுல படுத்தா அது பத்து கபருக்குச் சமானம்டா. நட. நிக்காதே, அண்ணன் கனக்கறாரு."

தோளில் அப்பாவை வைத்துக்கொண்டு சட்டம் பேச முடியாது. அவர் நடந்தார். போஸ்-தோபோவில், சாலை நன்றாகத் தெரியும் இடத்தில், ஜோரோவை வைத்தார்கள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் தகராறு வெடித்தது. மேட்டின் உச்சியில் இரண்டு பக்கமும் ஒரே நாளில் குழி வெட்டப் போனார்கள். மண்வெட்டி மண்வெட்டியோடு மோதியது, பிறகு கல் பறந்தது, பிறகு எல்லைக் காவலர்கள் இரண்டு பக்கமும் சுட்டார்கள். அந்தப் பக்கம் ஒருவன் செத்தான். எங்கள் பக்கம் செத்தவன் அப்திஜபாரின் கடைசி மகன் சமிதின்; கல்யாணம் பேசியிருந்த பையன். அவனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது பணியில் இருந்தது சைரகான்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே குழாயடிக்குப் போனாள். கையை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். சமிதினையும் மேட்டில்தான் வைத்தார்கள். எங்கே வைப்பது என்று யாரும் மறுபடி யோசிக்கவில்லை.

இரண்டு அரசுகளுக்கும் அப்போதுதான் எல்லைக் குழுவின் நினைவு வந்தது. எங்கள் குழுவுக்குச் சட்ட நிபுணராக மாத்கெரிமைப் போட்டார்கள். எதிர்ப் பக்கத்துச் சட்ட நிபுணராக வந்து இறங்கியவர், நரைத்து, தொப்பை வைத்து, மாஸ்கோ விடுதி அறைத் தோழர் ஹைதர். முதல் சந்திப்பு வாய்க்காலோரப் பள்ளிக்கூடம் ஒன்றில். மேசையின் நடுவில் கோடு போட்டதுபோல் இந்தப் பக்கம் ஒரு தேநீர்க் குடுவை, அந்தப் பக்கம் ஒரு தேநீர்க் குடுவை. இடைவேளையில் இருவரும் கழிப்பறைக்குப் போகும் வழியில் நின்று பேசியதை மாத்கெரிம் எனக்குச் சொன்னார்.

"உங்க பக்கத்து கபரெல்லாம் என்ன வயசு, மாத்?"

"புதுசு. உங்களுது?"

"நேத்து வெச்சது. ஆனா எங்க தலைவர் கணக்குல நூறு வருஷம்."

"எங்காளு நூத்திப்பத்துங்கறாரு."

ஹைதர் சிரித்துவிட்டு, "உங்கப்பா எங்கே இருக்காரு?" என்று கேட்டாராம். மேட்டில் என்றதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மாணவ நாட்களில் அந்த அப்பாவின் கையால் வாதுமை வாங்கித் தின்றவர் அவர்.

எங்கள் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. மாத்கெரிமைப் பேராசிரியரே என்றுதான் கூப்பிடுவார். பொறுப்பைத் தள்ளிவிட நினைக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: போஸ்-தோபோவின் கிழக்குச் சரிவில் இருப்பது தொன்மையான மையவாடி. நிபுணர் அப்படி எழுதிவிட்டால் மேட்டை விடாமல் பிடிக்கலாம். மேடு நின்றால் ஜோரோவும் சொந்த மண்ணில் நிற்பார். எழுதாவிட்டால் மேடு போகும், அதோடு அப்பாவும் போவார். இதைத் தலைவர் நாசூக்காகச் சொல்லவில்லை; "உங்கப்பா விஷயமும் இதுல இருக்கு, பேராசிரியரே" என்று நேராகவே சொன்னார்.

மாத்கெரிம் பல நாள் அறைக்குள் உட்கார்ந்து எழுதினார். இந்த மனிதர் கடைத்தெருவில் முலாம்பழம் வாங்கும்போது எடைக்கல்லைப் பற்றி மூச்சு விடமாட்டார். பேருந்தில் இடத்தை எவனாவது பிடுங்கினால் எழுந்து கொடுத்துவிடுவார். அவரால் அந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லை. நாம் நூறு வருடம் என்றால் அவர்களும் நூறு வருடம் என்பார்கள், அப்புறம் எதை வைத்துப் பேசுவது என்று என்னிடம் கேட்டார். அவர் எழுதியது இதுதான்: மேட்டில் இரண்டு சரிவிலும் உள்ள எல்லா கபர்களும் தகராறு எழுந்த பிறகு வந்தவை, சில நடுகற்கள் வேறிடத்திலிருந்து பெயர்த்து நடப்பட்டவை, ஆகவே இவை எந்த அரசின் உரிமைக்கும் சாட்சியாகா. உதாரணம் ஒன்று தர வேண்டியிருந்தது. தான் நேரடியாக அறிந்ததை மட்டுமே நிபுணர் சான்றாகக் காட்டலாம் என்பது அவர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விதி. அவர் நேரடியாக அறிந்த கபர் ஒன்றுதான். ஆகவே அப்பாவின் பெயரையும் அடக்கம் செய்த தேதியையும் அடிக்குறிப்பில் எழுதினார்.

குழுவின் ஓட்டுநர் சாரி-கெமருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அறிக்கை தலைநகரம் போய்ச் சேரும் முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்திஜபார் பேருந்து பிடித்து ஓஷுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். சைரகான் சாப்பாட்டு விரிப்பான தஸ்தர்கானை விரித்து ரொட்டி வைத்தாள். அவர் உட்கார்ந்தார், ரொட்டியைத் தொடவில்லை. எதிரி வீட்டிலும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் எங்களவர்கள் சண்டையைத் தொடங்குவார்கள். அதைக்கூடச் செய்யாததைப் பார்த்துச் சைரகானின் முகம் வெளுத்துப்போனது.

"பெத்த அப்பனுக்குத் தேதி போட்டு எழுதிக் குடுத்திருக்கே" என்றார் அப்திஜபார்.

"அது உண்மையான தேதி, சித்தப்பா."

"பொய்த் தேதின்னு யாருடா சொன்னது? உண்மையை எழுதறதுக்கு அவங்ககிட்டயே ஆளில்லையா? நாங்க வேற உனக்குச் சம்பளம் குடுக்கணுமா?"

மாத்கெரிம் மறுபடியும் அந்த மீதிப் பாதியை விளக்கப் பார்த்தார். வரம்பு நாள், அதற்கு முன், அதற்குப் பின். சித்தப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டு முடித்து, "இதை அன்னிக்கே சத்தமா சொல்லியிருந்தா என் புள்ளை உசுரோட இருந்திருப்பான்" என்று எழுந்து போய்விட்டார். தட்டில் ரொட்டி அப்படியே இருந்தது.

குளிர்காலத்தின் நடுவில் ஒப்பந்தம் வந்தது. நாடாளுமன்றம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே காலையில் கைதூக்கி முடித்தது. போஸ்-தோபோ அந்தப் பக்கத்துக்கு. அதற்குப் பதிலாக வேறொரு மாவட்டத்தில், வேறு யாரோ நடக்கிற ஒரு சாலைத் துண்டு எங்களுக்கு. கபர்களைப் பற்றிக் கடைசியில் ஒரு பிரிவு இருந்தது: மேடு கைமாறும் வசந்தம் வரை உறவினர்கள் விரும்பினால் தங்கள் இறந்தவர்களின் எச்சங்களை எடுத்துப் போகலாம். அதற்கு மேல் மேட்டுக்குப் போக விசா வேண்டும்.

மாத்கெரிம் குழுத் தலைவருக்குத் தொலைபேசினார். தன் அறிக்கையின் எந்த வாதத்தை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று அறிந்துகொள்ள அவருக்கு ஆசை, வகுப்புக்குப் பயன்படும்.

"அறிக்கை ரொம்ப நல்லாருந்துதுன்னாங்க, பேராசிரியரே."

"யார் படிச்சாங்க?"

"படிச்சாங்கன்னு நான் சொல்லலையே. கனமா இருந்துதுன்னாங்க. மேலிடத்துல ரெண்டு பேரும் போன்லயே பேசி முடிச்சிட்டாங்க. உங்களுதையும் பிரிக்கலை, அவங்களுதையும் பிரிக்கலை."

அதாவது ஜோரோ புதியவரா பழையவரா என்று ஒருவரும் கேட்கவே இல்லை. கிழக்குச் சரிவில் ஒரு கபரும் இல்லாதிருந்தாலும், ஆயிரம் வருடத்து மையவாடியே இருந்திருந்தாலும் மேடு போயிருக்கும். அவர் அந்த வாக்கியத்தை எழுதியிருந்தாலும் இதேதான், எழுதாவிட்டாலும் இதேதான்.

ஊரோ வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. வாத்தியார் எழுதினான், மேடு போயிற்று. சாரி-கெமரில் அவர் பெயரைச் சொல்லி ஆட்டை அதட்டினார்கள். குளிர்காலத்தில் ஊரிலிருந்து வழக்கமாக வரும் உலர்ந்த வாதுமைப் பெட்டி அந்த வருடம் வரவில்லை. பின்னாளில் சைரகான் எனக்குச் சொன்னாள், அந்தத் தொலைபேசிப் பேச்சை ஊருக்குச் சொல்லிவிடுங்கள் என்று தான் தினமும் கெஞ்சியதாக. ஒரு வார்த்தை, அறிக்கையை யாரும் பிரிக்கவில்லை, இவர் மேல் குற்றமில்லை, அவ்வளவுதானே. அவர் மறுத்துவிட்டாராம்.

"அதைச் சொன்னா, இத்தனை வருஷமா நான் பசங்களுக்கு என்ன சொல்லிக்குடுத்தேன்?" என்றாராம்.

மேட்டை விற்றவன் என்ற பெயரை அவரால் தாங்க முடிந்தது. அந்தப் பெயரில் ஒரு மறைமுகமான மரியாதை இருந்தது. ஒரு சட்ட நிபுணர் எழுதினால் மலை நகரும் என்று ஊர் நம்பியது. உலகத்திலேயே சர்வதேசச் சட்டத்தின் வலிமையை முழுதாக நம்பிய ஒரே சமூகம் அன்று சாரி-கெமர்தான். அவரை வெறுப்பதற்காகவாவது நம்பினார்கள்.

மார்ச் மாதம், பனி உருகியதும், அப்பாவை எடுக்கப் போக என் காரைக் கேட்டார். நானே ஓட்டிப்போனேன்.

மேட்டின் உச்சியில் இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் ஒருவர் நெருப்பில் ஒருவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாயந்திரம் கைமாறவேண்டும். சரிவு முழுக்கக் குடும்பம் குடும்பமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இமாம் ஒவ்வொரு குழியாகப் போய் ஓதிவிட்டு, இது நல்ல காரியமில்லை, ஆனால் வேறு வழியில்லை என்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஈர மண் வாடையோடு வேறு வாடையும் இருந்தது. மேற்குச் சரிவில் அந்தக் கிராமத்தார் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை.

மாத்கெரிம் தனியாகத் தோண்டினார். நானும் மண் தள்ளினேன். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நான் உதவ முடியாது. குழிக்குள் இறங்கி, அடியில் உடல் வைத்திருக்கும் பக்கக்குழியைத் திறந்து இறந்தவரைத் தொடுவது தந்தைவழி ரத்தம் மட்டும்தான். அதற்கு இருவர் வேண்டும்: உள்ளிருந்து தர ஒருவர், வெளியே வாங்க ஒருவர். பிறகு சந்தூக்குக்கு நான்கு தோள். ஒன்றுவிட்ட தம்பிகள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். அக்கம்பக்கத்துக் குழிகளில் வேலை செய்துகொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல்.

அப்திஜபார் சமிதினை எடுத்து முடித்திருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய அந்த நீளப் பொட்டலத்தை ஒரு கம்பளத்தின் மேல் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாத்கெரிம் இடுப்பளவு குழியில் நின்றபடி அவரைக் கூப்பிட்டார்.

"சித்தப்பா, ஒரு கை குடுங்க."

"அவரு அந்த நாட்டு ஆளு. நீயே எழுதிக் குடுத்திருக்கே. அவங்களையே கேளு."

மாத்கெரிம் மேற்குச் சரிவைப் பார்த்தார். சிப்பாய்களைப் பார்த்தார். பிறகு, குளிர்காலம் முழுக்க மனைவி கெஞ்சியும் சொல்லாததைச் சொன்னார்.

"நான் எழுதினதை யாரும் படிக்கலை, சித்தப்பா."

அப்திஜபார் திரும்பினார்.

"உறையைக்கூடப் பிரிக்கலை. மேல இருக்கறவங்க போன்ல பேசிட்டாங்க. ரோட்டுக்கு மேடு. கபரைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை. ஒண்ணு இருந்துதா நூறு இருந்துதான்னுகூடக் கேக்கலை."

கிழவர் எழுந்து குழியின் விளிம்புக்கு வந்தார். இவர் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பது அவருக்குத் தெரியும்; அதற்காகத்தானே வெறுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தில் ஒரு தணிவை எதிர்பார்த்தேன். அவரோ கம்பளத்தின் மேலிருந்த பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இவன் எதுக்குச் செத்தான்?" என்றார்.

பிறகு கிழவர் குழிக்குள் குனிந்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"சைரகானுக்குத் தெரியும். இவருக்கு இப்போ." என்னைக் காட்டினார்.

"அத்தோட நிக்கட்டும்." உழவு இயந்திரக் குரல் முதன்முறையாக இறங்கியிருந்தது. "இவன் அம்மா வீட்ல உக்காந்திருக்கா. போன்ல முடிஞ்ச விஷயத்துக்குப் போயி மண்வெட்டியோட நின்னு செத்தான்னு நான் அவகிட்ட சொல்லவா? மேட்டுக்காகச் செத்தான். மேடு நம்மதுதான். நீ எழுதினே, அவங்க படிச்சாங்க, போச்சு. அப்படியே இருக்கட்டும்."

"அப்போ பழி என்மேல இருக்கும்."

"உன்மேலதான். நீ படிச்சவன், தாங்கிக்குவே. சாகறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

மாத்கெரிம் மண்வெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் யாரிடமும் சொல்லக் கூடாதென்று வைத்திருந்ததை இப்போது இன்னொருவர் சொல்லக் கூடாதென்கிறார். எனக்கு அது அவருக்குச் சாதகமான நிபந்தனையாகத்தான் பட்டது. அவருக்கு அப்படிப் படவில்லை என்பது அவர் விட்ட மூச்சில் தெரிந்தது. சொல்லிப் பார்த்துவிட்டவருக்கு மறுபடி மூடிக்கொள்வது முன்போல் இருக்காதோ என்னவோ.

"சம்மதம்" என்றார்.

அப்திஜபார் மகன்களைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர்கள் வந்து எதுவும் கேட்காமல் இறங்கினார்கள். ஜோரோ மேலே வந்தார். சந்தூக்கை நான்கு தம்பிகள் தூக்கினார்கள். மாத்கெரிமுக்கு யாரும் தோள் மாற்றித் தரவில்லை. அவர் கடைசியில், என்னோடு, நடந்தார். வாய்க்காலைத் தாண்டும்போது பின்னால் ஒரு கட்டளைச் சத்தம் கேட்டது. மேட்டில் கொடி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றோர மையவாடியில் ஜோரோவையும் சமிதினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மண் மூடியதும் இமாம் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், ஜோரோ எப்படிப்பட்ட மனிதர் என்று. நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். சமிதின்? நல்லவன், ஊருக்காகச் செத்தவன். அப்திஜபார் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஊர் மேட்டைக் காக்கத்தான் பார்த்தது, இவன் எழுதிக் கொடுத்துத்தான் போனது, அதை இவனே ஒப்புக்கொள்கிறான் என்றார். கூட்டம் மாத்கெரிமைப் பார்த்தது. அவர் தலையசைத்தார்.

பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. வீட்டு வாசலில் சமிதினின் அம்மா, வருகிற ஆண்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். யார் வருகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவள் காதில் சொன்னாள். ஒப்பாரி ஒரு நொடி நின்றது. பிறகு அதே மெட்டில், மாத்கெரிமின் பெயரைச் சேர்த்து, மகனைச் சுட்ட சிப்பாயை விட்டுவிட்டு, மையால் மலையை அறுத்தவனே என்று அவரை அழைத்துத் தொடர்ந்தாள். அடுத்தவர்கள் உள்ளே போனார்கள். அவர் மட்டும் தொப்பியைக் கழற்றாமல், கைகளைக் கோத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நீண்ட ஒப்பாரி அது. நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் முடிக்கும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை.